இலட்சுமி மச்சாளின் உண்டைவில்

தந்தி வந்தபோது காலை பத்து இருபது. புளியங்குளம் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் தானே வாசலுக்கு வந்து தாளை நீட்டினார். உடையார்கட்டிலிருந்து அயல்காணி ஏரம்பு அடித்திருந்தார். இலட்சுமி காலமாகிவிட்டா, நாளை தகனம் என்று இருந்தது. பிள்ளைகளை அடுத்த வகுப்போடு இருத்திவிட்டு வெளிக்கிட்டேன். நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் பஸ் மாறிப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

இலட்சுமி என் அண்ணன் பரமலிங்கத்தின் மனைவி. எனக்கு மச்சாள். இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விட்டா. வயது நாற்பது.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், நீதானே படித்தவன் என்று அந்தப் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் விட்டிருக்கிறார்கள். கல்வெட்டில் பிறந்த ஊரும் வம்சமும் நாலைந்து வெண்பாவும் வரும். அதை இன்று எழுதி முடித்துவிட்டேன். விளக்கை அணைக்க மனம் வரவில்லை. வெண்பாவுக்குள் அடங்காத ஒரு மாரிகாலம் இருக்கிறது. அதை இந்தத் தாள்களில் எழுதி வைக்கிறேன்.

1959ஆம் ஆண்டு ஆடி மாதம் அண்ணர் காட்டில் மரம் தறிக்கும்போது மரம் சரிந்து இறந்தார். உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே அரசாங்கம் குடியேற்றத்தில் அவருக்கு வயற்காணியும், வீடு இருந்த மேட்டுக்காணியும் கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. காணிப் பெர்மிட் அவருடைய பெயரில். மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்போது எனக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு வடமராட்சியில் வீட்டோடு இருந்தேன். அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் ஐயாத்துரை மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“பொம்பிளை. பிள்ளையும் இல்லை, குரலும் இல்லை. அவள் எப்பிடிக் காணி பாக்கிறது? அரசாங்கம் திருப்பி எடுத்துப்போடும். பெர்மிட்டை உன்ர பேருக்கு மாத்து” என்றார். விண்ணப்பத்தைத் தானே நிரப்பி வைத்திருந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். “இப்ப குடுக்காதை. போய் உதவிக்கு நில். மழைப் பயிர் அழிஞ்சு போற நேரம் பாத்துக் குடு.”

விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனேன். உதவிக்கு என்றுதான் மச்சாளிடம் சொன்னேன்.

குடியேற்ற உத்தியோகத்தர் நேர்மையான மனிதர். அவர் மச்சாளிடம் ஒளிக்காமல் சொன்னார். “சட்டப்படி உங்கட பேருக்கு மாத்தலாம். ஆனால் காணி பயிர் செய்யப்படுகுது எண்டு நான் எழுதோணும். மார்கழிக் கடைசியில வந்து சோளன் பயிரைப் பாப்பன். பயிர் நிண்டால் பெர்மிட் உங்களுக்கு. இல்லாட்டில் குடும்பத்தில ஒரு ஆம்பிளைக்கு.” அப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குளக்கட்டைப் பார்த்தேன்.

மேட்டுக்காணியில் ஒரு ஏக்கர் சோளம். ஊன்றுவதும் களை பிடுங்குவதும் மச்சாளுக்குப் பெரிய வேலையே இல்லை. காவல்தான் பிரச்சினை. கார்த்திகையில் சோளக் கதிர்ப் பொத்தி பால் பிடிக்கத் தொடங்கினால் விடியலில் இருந்து பொழுதுபடும் வரை கிளி. இடையில் குரங்கு. காவல் குடிலில் ஏறி நின்று கூவ வேண்டும். ஒரு காணியில் கூவினால் கிளி எழும்பி அடுத்த காணிக்குப் போகும், அங்கே இருப்பவர் கூவுவார். அந்தக் குடியேற்றம் முழுவதும் பகலெல்லாம் இப்படி ஒரு சத்தம் காணி காணியாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் காணியில் வந்து அது அறுந்துபோகும். சிறு வயதில் வந்த ஒரு தொண்டை நோய்க்குப் பிறகு மச்சாளுக்குக் குரல் இல்லை. காற்றுத்தான் வரும். இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்பவருக்கு அவா பேசுவது கேட்காது. அண்ணர் இருந்தவரை அவர்தான் கூவியவர்.

நான் கூவினேன். மூன்றாம் நாள் என் தொண்டையும் போய்விட்டது. தகரம் தட்டினோம்.

பக்கத்துக் காணி ஏரம்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, தகரம் மூண்டு நாளைக்குத்தான் எடுபடும். நாலாம் நாள் கிளி தகரத்திலயே வந்து குந்தும். உம்மைத் தாளம் போடச் சொல்லும்.”

அப்படித்தான் நடந்தது. நாலாம் நாள் இல்லை, ஐந்தாம் நாள்.

புதுக்குடியிருப்புக்குப் போகும் பாதையில், எங்களில் இருந்து ஒரு மைல் கட்டை தூரத்தில், முள்ளியவளைப் பக்கத்து ஹமீட்டும் அவர் மனைவி உம்மு ஹானியும் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்திருந்தார்கள். ஹமீட் சைக்கிளில் சாமான் கொண்டு திரிந்து விற்பவர். சேனையைப் பார்ப்பது உம்மு ஹானிதான். ஒரு நாள் கடைக்குப் போய் வரும் வழியில் மச்சாள் அங்கே நின்றுவிட்டா. உம்மு ஹானி கூவவும் இல்லை, தகரம் தட்டவும் இல்லை. பாலை மரத்தின் கீழே பாயில் இருந்தபடி ஒரு வில்லை எடுத்தா. ஏதோ ‘விர்’ என்று போனது. சோளத்துக்குள் இருந்து குரங்கு ஒன்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடியது. தலையில் கை வைத்தது என்று மச்சாள் சொன்னது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் அவா அப்படிச் சிரித்துச் சொன்னதை அண்ணர் இறந்த பிறகு அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் இருவரும் அங்கே போனோம்.

“அம்பில்லாத வில்லு, பாத்தியா?” என்று உம்மு ஹானி காட்டினா. அது உண்டைவில். ஒரு நாணுக்குப் பதில் இரண்டு நாண், நடுவில் அவற்றைப் பிரித்து வைக்க இரண்டு சிறு குச்சி, குச்சிகளுக்கிடையில் பெருவிரல் அகலத்தில் ஒரு துணி. அந்தத் துணியில் களிமண் உண்டையை வைத்துப் பிடித்து இழுத்து விட வேண்டும். நாண் மருள் நாரில் திரித்தது. வில் முள்ளியவளைத் தோட்டத்துக் கமுகைப் பிளந்து சீவியது.

குடிலின் கூரை வளையில் மூன்று வில் தொங்கின. மச்சாள் நேராகப் போய்ப் பெரியதைத் தொட்டா.

“அது எங்கட மனிசன்ர. அதை இழுத்தால் நீ அதில தொங்குவாய்” என்றா உம்மு ஹானி. “தொங்கிற ஆளைப் பாத்துக் கிளி பயப்பிடும்தான். ஆனா நாள் முழுக்கத் தொங்கேலுமோ?”

மச்சாள் ஏதோ சொன்னா. உம்மு ஹானி காதைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டா. பிறகு பலத்துச் சிரித்தா. என்ன சொன்னா என்று எனக்கு இருவரும் சொல்லவில்லை.

வில் தேர்ந்தெடுத்த விதம் இதுதான். முதலில் உம்மு ஹானி வில்லை நிலத்தில் ஊன்றி நிறுத்தினா. நுனி கமக்கட்டுக்கு வர வேண்டும். பெரியது மச்சாளின் தலைக்கு மேலே போனது. பிறகு உண்டை இல்லாமல் நாணை நாடி வரை இழுத்து, பத்து மூச்சு விடும் வரை பிடிக்கச் சொன்னா. நடுவிலானதில் எட்டாம் மூச்சிலேயே மச்சாளின் முழங்கை ஆடியது. சின்னதில் ஆடவில்லை.

“இதைக் கொண்டு போ.”

“சின்னப் பிள்ளையளின்ர மாதிரி இருக்கு” என்றேன் நான்.

“தம்பி, கலியாணத்துக்கு மாப்பிளை பாக்கிற மாதிரி வில்லுப் பாக்கப்படாது. பெரிய இடம் எண்டு எடுத்தால் பிறகு ஆயுள் முழுக்க அதுக்குத்தான் வேலை செய்யோணும். பலம் வில்லுக்கில்லை. ஒரு நாளைக்கு இருநூறு தரம் இழுக்கேலுமோ எண்டு பார்.”

பிறகு வெறும் கையோடு நிற்கக் கற்றுக்கொடுத்தா. இடத் தோளைக் கிளிப் பக்கம் கொடுத்து, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, வலக்கை ஒவ்வொரு தடவையும் நாடியில் ஒரே இடத்துக்கு வர வேண்டும். “விடுற நேரம் இடக்கை மணிக்கட்டை வெளியால ஒரு சொட்டுத் திருப்பு. மறந்தால் உண்டை உன்ர பெருவிரலைத்தான் கேக்கும்” என்றா.

இங்கேதான் நான் புகுந்தேன். கல்லூரியில் இருந்து கொண்டுவந்த ஒரு விளையாட்டுப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதில் வில்வித்தைக்கு ஆறு பக்கம், படங்களோடு. வில் பிடித்த கை கல்லுப் போல அசையாமல் இருக்க வேண்டும், அம்பு இலக்கைத் தொடும் வரை அதை ஆட்டக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மச்சாளிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

“உம்மு ஹானி பழக்கத்தில செய்யிறா. மணிக்கட்டை ஆட்டினால் குறி பிழைக்கும். இது வெள்ளைக்காரர் ஆராய்ஞ்சு எழுதினது.”

மச்சாள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. “நீ படிச்சனி. சரி” என்றா.

அம்பு வில்லின் பக்கத்தால் போகும். உண்டை வில்லின் நடுவால், பிடித்த கைக்கு நேரே வரும். படித்த எனக்கு இது தோன்றவில்லை. அன்று பின்னேரம் மச்சாள் கையைக் கல்லுப் போல வைத்துக்கொண்டு விட்டா. உண்டை இடப் பெருவிரலில் பட்டுச் சிதறியது. சத்தம் போட முடியாத மனிசி. வாயைத் திறந்தபடி நிலத்தில் குந்திவிட்டா. நகம் அடியோடு கறுத்து, கை மணிக்கட்டு வரை வீங்கியது.

ஒன்பது நாள் அவாவால் எதையும் பிடிக்க முடியவில்லை. நான் தகரத்தோடு ஓடித் திரிந்தேன். நான் வடக்கே ஓடினால் கிளி தெற்கே இறங்கியது. தெற்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு சோளம் மணி இல்லாத வெறும் கோறையானது. ஏரம்பு வேலியில் நின்று, “தம்பி, கிளியளுக்கும் அந்தப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டும். சோளன் தின்னப்படாது எண்டு எங்கயாவது போட்டிருக்கும்” என்றார்.

ஆறாம் நாள் எங்கே பிழை விட்டேன் என்று பார்க்கப் புத்தகத்தை எடுத்தேன். விரித்ததும் அந்த வில்லுப் படத்தின் மேலே ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. என் விண்ணப்பம். சவர்க்காரத் தண்ணீரில் மை கலங்கியிருந்தது. யாரோ அதைக் கவனமாக விரித்து, காய வைத்து, மடிப்பு நீவி வைத்திருந்தார்கள். ஐயாத்துரை மாமாவின் எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

என் சட்டையை மச்சாள் தோய்த்தது உம்மு ஹானியிடம் போவதற்கும் முந்திய வெள்ளிக்கிழமை. தாள் தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்கப் பயந்திருந்தேன். அப்படியென்றால், புத்தகத்தை விரித்துக் காட்டி நான் பாடம் சொன்ன அன்று, நான் எதற்கு வந்தவன் என்று அவாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ‘நீ படிச்சனி, சரி’ என்று சொல்லியிருக்கிறா.

குசினிக்குப் போனேன். ஒரு கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

“மச்சாள், இதை வாசிச்சனீங்களோ?”

“ஓம்.”

“பிறகேன் என்னட்டக் கேக்கேல்லை?”

அந்தக் குரலைக் கேட்க நான் பக்கத்தில் குந்த வேண்டியிருந்தது. “கேட்டால் நீ பொய் சொல்லுவாய். பொய் சொன்னால் பிறகு எனக்கு முன்னால இருந்து வயிறாறச் சாப்பிட மாட்டாய். நிக்கிற வரைக்கும் சாப்பிட வேணுமெல்லே.”

“அப்ப நான் சொன்னதை ஏன் நம்பினீங்கள்? நான் வேணுமெண்டு பிழையாச் சொல்லியிருந்தால்?”

“நீ கள்ளன் இல்லை, தம்பி. உனக்கு வில்லுத் தெரியாது. அவ்வளவுதான்” என்றா. பிறகு துருவலையை என் பக்கம் தள்ளினா. மிச்சத்தை நான் துருவினேன்.

வீக்கம் வற்றியதும் திரும்பவும் உம்மு ஹானியிடம் போனோம். விரலைப் பார்த்துவிட்டு அவா என்னைத்தான் பிடித்தா. “எந்த வாத்தி படிப்பிச்சது? நீயோ? வா, இடக்கையை நீட்டு, உனக்கும் ஒண்டு விட்டுக் காட்டுறன்.” நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மச்சாள் சிரித்தா. அவாவின் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது, தோள்தான் குலுங்கும்.

முதல் இரண்டு நாளும் உண்டையே இல்லை. இழுத்து, நாடியில் நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு விடுவது மட்டும். மூன்றாம் நாள் உண்டை, பத்தடியில் தொங்கவிட்ட சாக்குக்கு. பிறகு இருபது அடி, பிறகு நாற்பது. களிமண் பிசைந்து உண்டை உருட்டுவது என் வேலை. உள்ளங்கையில் உருட்டி நிழலில் காய வைத்துப் பிறகுதான் வெயில் காட்ட வேண்டும். நேராக வெயிலில் போட்டால் வெடிக்கும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்று உம்மு ஹானி ஒத்துக்கொண்டா.

குறி பார்ப்பது பற்றி அவா சொன்ன ஒன்றை இன்றும் யோசிக்கிறேன். “கிளிக்கு அடியாதை. கிளிக்கு மேலால ஒரு சாண் விட்டு அடி. உண்டை காதோரம் போச்சுதெண்டால் அது தன்ர சனத்தையும் கூட்டிக்கொண்டு எழும்பும். செத்துப் போச்சுதெண்டால் மற்றதுகளுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?”

மார்கழிக் கடைசியில் குடியேற்ற உத்தியோகத்தர் வந்தார். அதே நாள் ஐயாத்துரை மாமாவும் வந்து இறங்கினார். உத்தியோகத்தர் வரும் நாளை அவர் எப்படியோ விசாரித்து அறிந்திருந்தார். மூவரும் வரியோடு நடந்தோம். மச்சாள் வில்லோடு குடிலடியில் நின்றா.

தெற்குப் பக்கம் வந்ததும் மாமா ஒரு பொத்தியை முறித்துக் காட்டினார். “இஞ்சை பாருங்கோ ஐயா. முழுக்கக் கோறை. வாயில்லாத பொம்பிளை காவல் பாத்தால் இப்பிடித்தான்.”

உத்தியோகத்தர் மச்சாளைப் பார்த்து, “இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்பிடி?” என்று கேட்டார்.

மச்சாள் பெருவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டா. கறுத்த நகம் அப்போதும் விழவில்லை.

“அது என்னால ஐயா” என்றேன். புத்தகத்தையும் கல்லுப் போன்ற கையையும் ஒன்பது நாளையும் சொன்னேன். உத்தியோகத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். மாமா சிரிக்கவில்லை.

அப்போதுதான் கிளிக் கூட்டம் ஒன்று குளப் பக்கமிருந்து வந்து வடக்கு வரிசையில் இறங்கியது. மச்சாள் இடத் தோளைக் கொடுத்து நின்று இழுத்தா. கை நாடிக்கு வந்தது. விட்டா. உண்டை கிளிக்கும் போகவில்லை, கிளிக்கு மேலேயும் போகவில்லை. மரத்தில் கட்டியிருந்த எங்கள் பழைய தகரத்தில் போய் ‘டங்’ என்று பட்டது. ஏரம்பு வேலிக்கு அப்பால் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். மச்சாள் அடுத்த உண்டையை வைத்தா. அது கூட்டத்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே போனது. முழுக் கூட்டமும் எழும்பிக் கத்திக்கொண்டு காட்டுப் பக்கம் பறந்தது.

“ஒண்டும் விழேல்லையே?” என்றார் உத்தியோகத்தர்.

மச்சாள் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா. நான் அதை உரக்கச் சொன்னேன். “விழுத்திறதுக்கில்லையாம் ஐயா. எழுப்புறதுக்காம்.”

அவர் வடக்குப் பக்கம் முழுவதும் நடந்தார். பொத்திகளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு வேலியால் ஏரம்புவின் காணியையும் எட்டிப் பார்த்தார். “உம்மடை காணியை விட இது நல்லாயிருக்கே, ஏரம்பு? உமக்கு நல்ல குரல் எண்டு கேள்விப்பட்டன்.”

“அதுதானே ஐயா பிழை. என்ர குரலைக் கச்சேரி எண்டு நினைச்செல்லோ கிளியள் வருகுதுகள்.”

உத்தியோகத்தர் என்னிடம் திரும்பினார். “தம்பி, ஆம்பிளை எண்டு இந்தக் குடும்பத்தில நீர்தான். உமக்குக் காணி வேணுமோ?”

மாமா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மை கலங்கிய தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மச்சாள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அடுத்த உண்டையைத் துணியில் வைத்துக்கொண்டிருந்தா.

“வேண்டாம் ஐயா. காணி பாக்கிறது அவாதான். நான் மண் உருட்டுறனான்.”

பங்குனியில் பெர்மிட் மச்சாளின் பெயருக்கு வந்தது. மாமா என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. அடுத்த வருடம் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் போனேன். ஒவ்வொரு தையிலும் ஹமீட்டின் கையில் ஒரு சாக்குச் சோளம் வந்து சேர்ந்தது. நான் நன்றி என்று எழுதினால், “சாக்கைத் திருப்பி அனுப்பு” என்று மட்டும் பதில் வரும். எட்டு வருடம் அந்த ஏக்கரில் கூவல் இல்லாமல் சோளம் விளைந்தது. அந்தப் பக்கத்தில் வேறு மூன்று பெண்கள் உண்டைவில் எடுத்தார்கள். மூவருக்கும் மச்சாள் முதலில் காட்டியது தன் இடப் பெருவிரலைத்தான் என்று செத்தவீட்டில் ஒருத்தி சொன்னாள்.

நான் இன்று வகுப்பில் ஒரு பிள்ளை பிழையாகச் சொல்லும்போது கையோங்காமல் இருப்பதற்கும், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் அந்தக் கறுத்த நகம் காரணம். திருட வந்தவனை அவா கள்ளன் இல்லை என்றா. அதற்குப் பிறகு நான் கள்ளனாக இருக்க வழியில்லாமல் போனது. இதை அவாவிடம் நேரே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் குந்தியிருந்து, அவா பேசுவது போல மெதுவாக.

செத்தவீட்டுக்கு உம்மு ஹானி வந்திருந்தா. வயது ஏறிவிட்டது, ஹமீட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தா. என்னைக் கண்டதும், “வாத்தியார்” என்றா.

காடாற்றிவிட்டு வந்து வீட்டை ஒதுக்கினோம். இந்த வருடம் எல்லாக் காணிக்காரரும் இலக்கமும் பெயரும் எழுதிய பலகை ஒன்றை வாசல் படலையில் அறைய வேண்டும் என்று குடியேற்றக் கந்தோரில் இருந்து அறிவித்திருந்தார்களாம். மச்சாளின் பலகை குசினிச் சுவரில் சாத்தியிருந்தது. இலக்கத்துக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. அவாவின் பெயர் இன்னும் பென்சில் கோட்டில்தான் இருந்தது.